மெடிக்கல் எக்யூப்மென்ட் டெக்னீஷியன் பயிற்சி வேலை: இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? தயாராவது எப்படி?

ஐசியூவில் ஒரு மானிட்டர் திடீரென நின்றுவிட்டால் நர்ஸ் இரண்டு பேரைக் கூப்பிடுவார். நோயாளியைப் பார்க்க டாக்டரை, மெஷினைப் பார்க்க பயோமெடிக்கல் பிரிவில் இருப்பவரை. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஏதாவது ஒரு மூலையில், பெரும்பாலும் ஸ்டோர் ரூம் பக்கத்தில், இந்தப் பிரிவுக்கு ஒரு சின்ன அறை இருக்கும். வென்டிலேட்டர், இசிஜி, டீஃபிப்ரிலேட்டர், குழந்தைகள் வார்டில் இருக்கும் வார்மர் என எல்லாம் ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்த அறையில் இருப்பவர்களே பொறுப்பு. அங்கே உதவியாளராகச் சேர்ந்து வேலை கற்றுக்கொள்வதுதான் 'டிரெய்னி மெடிக்கல் எக்யூப்மென்ட் டெக்னீஷியன்' வேலை.

பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை போன்ற ஊரில் இருந்து ஐடிஐ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு இது கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வேலை. கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக மாறியிருக்கும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கம், புதுச்சேரியில் ஜிப்மரும் தனியார் மருத்துவக் கல்லூரிகளும், நெய்வேலியில் என்எல்சி மருத்துவமனை. விழுப்புரத்தில் இருந்து கடலூர், சிதம்பரம் போகும் ரயில் பாதை பண்ருட்டி வழியாகவே போகிறது. சூலை நோயோடு வந்த திருநாவுக்கரசருக்கு அது தீர்ந்த தலம் திருவதிகை என்கிறது பெரியபுராணம். இன்று அதே ஊரில் வயிற்றுவலி என்றால் முதலில் போவது ஸ்கேன் சென்டருக்கு. அந்த ஸ்கேன் மெஷினையும் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேலைக்கு ஏன் ஆள் தேவை?

அரசு மருத்துவமனைகளில் உள்ள கருவிகளை மத்திய சுகாதாரத் துறை நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை கருவிகள் வேலை செய்யாமல் கிடந்தது தெரியவந்தது. இதையடுத்து 2015-ல் தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் மருத்துவக் கருவிகள் பராமரிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனையில் உள்ள கருவிகள் 95 சதவீத நேரம் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இந்த இலக்கு 80 சதவீதம்.

இந்த எண்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் "இந்த வேலை எதுக்குன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டால், "மெஷின் ரிப்பேர் பண்றதுக்கு சார்" என்பது பாதி பதில்தான். மெஷின் கெட்டுப்போகாமல் பார்ப்பது, கெட்டால் எவ்வளவு சீக்கிரம் வார்டுக்குத் திரும்பக் கொடுப்பது, சரியாகக் காட்டுகிறதா என்று அவ்வப்போது சோதிப்பது, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வேலை. முன்கூட்டியே செய்யும் பராமரிப்பைத் துறையில் 'பிஎம்' என்பார்கள். அளவு சரிபார்ப்பது 'காலிபரேஷன்'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி.

யாருக்கு வாய்ப்பு? எவ்வளவு கிடைக்கும்?

ஐடிஐ-யில் 'டெக்னீஷியன் மெடிக்கல் எலக்ட்ரானிக்ஸ்' என்ற 2 ஆண்டு பிரிவு நேரடியாக இதற்கானது. டிப்ளமோவில் பயோமெடிக்கல், இசிஇ, இஇஇ படித்தவர்களையும், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், எலக்ட்ரீஷியன் முடித்தவர்களையும் எடுப்பது உண்டு. பயோமெடிக்கல் படிக்காதவர்கள் தயங்க வேண்டாம். மல்டிமீட்டரைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த எலக்ட்ரீஷியனுக்கு மெஷினைப் பற்றிச் சொல்லிக்கொடுத்துவிடலாம். மெஷின் பெயர்கள் மட்டும் தெரிந்தவருக்கு மல்டிமீட்டர் சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

சம்பள விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'அப்ரண்டிஸ்' வேறு, 'டிரெய்னி' வேறு. அப்ரண்டிஸ் என்றால் 1961-ம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவாக வேண்டும். உதவித்தொகைக்கு குறைந்தபட்ச அளவு உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி அது கல்வித் தகுதிக்கு ஏற்ப மாதம் ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை. நேர்காணலுக்கு முன் தற்போதைய அளவை அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. 'டிரெய்னி' என்றால் நிறுவனம் கொடுக்கும் ஆஃபர் லெட்டரில் உள்ளதுதான் கணக்கு. அதனால் எந்த வகையில் எடுக்கிறார்கள் என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

முதல் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்

"உங்களைப் பத்திச் சொல்லுங்க" முடிந்ததும், அனுபவமுள்ள ஒரு இன்ஜினியர் இப்படி ஒரு சூழ்நிலையைச் சொல்வார்: "வார்டுல இருந்து போன். மானிட்டர்ல ஆக்சிஜன் ரீடிங் வரலைங்கறாங்க. என்ன பண்ணுவீங்க?"

பலரும் செய்யும் தவறு, உடனே மானிட்டரைக் கழற்ற ஆரம்பிப்பது. "போர்டு போயிருக்கும் சார், எஸ்எம்பிஎஸ் செக் பண்ணுவேன்" என்று பதில் வரும். கேட்பவர் எதிர்பார்ப்பது அதற்கு முந்தைய படிகளை. நல்ல பதில் ஏறக்குறைய இப்படிப் போகும்:

"முதல்ல பேஷன்ட் எப்படி இருக்காருன்னு சிஸ்டர்கிட்ட கேட்பேன் சார். ரீடிங் வராததுக்குக் காரணம் மெஷினா, பேஷன்ட்டான்னு தெரியாது. வேற மானிட்டர் இருந்தா உடனே மாத்திக் கொடுக்கச் சொல்வேன். அப்புறம் அந்த சென்சாரை என் விரல்ல மாட்டிப் பார்ப்பேன். என் விரல்ல ரீடிங் வந்தா மெஷின் நல்லா இருக்கு. வரலைன்னா வேற சென்சார் மாட்டிப் பார்ப்பேன். அதுலயும் வரலைன்னா கேபிள், கனெக்டர். கடைசியா தான் மானிட்டரைத் திறக்கணுமான்னு யோசிப்பேன்."

இந்தப் பதிலில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஆனால் நோயாளி முதலில், மாற்று ஏற்பாடு அடுத்து, சுலபமானதில் இருந்து கடினமானதுக்கு என்ற வரிசை இருக்கிறது. அந்த வரிசைக்குத்தான் மதிப்பெண்.

தன் விரலில் வந்து நோயாளி விரலில் வராவிட்டால்? அடுத்த கேள்வி அதுதான். கை சில்லிட்டிருக்கலாம், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். அதே கையில் பிபி கஃப் கட்டியிருந்தால், அது இறுகும்போதெல்லாம் ரீடிங் போய்விடும். நெயில் பாலிஷ், கருமருதாணி இருந்தாலும் ஒளி சரியாக ஊடுருவாது. காரணத்தைப் புரிந்து சொன்னால் இன்னும் நல்லது: பல்ஸ் ஆக்சிமீட்டர் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் சுமார் 940 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்துகிறது. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். அந்த வித்தியாசத்தில் இருந்துதான் சதவீதம் கிடைக்கிறது. ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அயோயாகி 1970-களில் கண்டறிந்த வழி இது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த அந்தச் சின்னக் கருவி இப்போது அலமாரியில் சும்மா கிடந்தால், எடுத்து ஒரு வாரம் ஆராய்ச்சி செய்யலாம். இதைவிட மலிவான பயிற்சிக் கருவி கிடைக்காது.

இதே போல் கேட்கப்படும் இன்னொன்று: "இசிஜி கோடு தடிமனா, நடுங்குற மாதிரி வருது." நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அந்த 50 ஹெர்ட்ஸ் அலைதான் இசிஜி கோட்டில் வந்து ஏறிக்கொண்டிருக்கும். எலக்ட்ரோடு காய்ந்து போயிருக்கிறதா, ஜெல் சரியாகப் போட்டார்களா, கட்டிலை ஒட்டி வேறு மெஷினின் மின் வயர் போகிறதா, பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இசிஜி பேப்பர் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும், 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் உயரம், 10 எலக்ட்ரோடுகளில் இருந்து 12 லீட் கிடைக்கும். இந்த மூன்றும் தெரியாமல் போகக் கூடாது.

எர்த் பற்றிய கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்

வீட்டில் மிக்ஸி லேசாக ஷாக் அடித்தால் கையை உதறிவிட்டுப் போய்விடுவோம். ஆஸ்பத்திரியில் அப்படி முடியாது. நோயாளி மயக்கத்தில் இருப்பார், உடம்பு ஈரமாக இருக்கும், சிலருக்கு இதயம் வரைக்கும் குழாய் போயிருக்கும். அவரால் கையை உதற முடியாது. அதனால்தான் மருத்துவக் கருவிகளில் 'லீக்கேஜ் கரன்ட்' என்ற கசிவு மின்சாரத்துக்குக் கடுமையான வரம்பு வைத்திருக்கிறார்கள்.

கருவியின் மேல் மனித உருவம் போட்ட ஒரு குறியீடு இருக்கும். 'பி' வகைக்கு வெறும் உருவம். உருவத்தைச் சுற்றிப் பெட்டி போட்டிருந்தால் 'பிஎஃப்'. இதயத்தோடு நேரடித் தொடர்புக்கு ஏற்ற 'சிஎஃப்' வகைக்குப் பெட்டிக்குள் இதயம். சிஎஃப் வகையில் சாதாரண நிலையில் நோயாளிக்குப் போகக்கூடிய கசிவு 10 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே. ஒரு மைக்ரோ ஆம்பியர் என்பது ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சின்ன அளவு ஏன் என்று கேட்டால், "இதயத்துக்கு நேரடியாப் போற கரன்ட் ரொம்பக் கொஞ்சமா இருந்தாலே துடிப்பு குழம்பிடும் சார்" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

செய்முறைத் தேர்வு வைத்தால், மூன்று பின் பிளக்கில் வயர் மாட்டச் சொல்வது வழக்கமான ஒன்று. பழைய வயரில் சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். வெளிநாட்டுக் கருவிகளோடு வரும் வயரில் பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் கோடு எர்த். இதில் குழம்பினால் மற்ற பதில்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கஷ்டம்தான். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் புதியது போட வேண்டும் என்பதும், "வயரைச் சுத்தி ஓட்டிடலாம்" என்பது இந்தத் துறையில் வாயில் வரவே கூடாத வார்த்தை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

புயல் வந்து கரன்ட் போனால்?

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 2011 டிசம்பர் 30 அன்று கடலூர் அருகே கரையைக் கடந்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பகுதியின் முந்திரி, பலா மரங்கள் சாய்ந்ததும், கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்ததும் வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கரன்ட் போனதும் ஜெனரேட்டர் ஓட ஆரம்பிக்கச் சில நொடிகளாவது ஆகும். அந்த இடைவெளியை யுபிஎஸ்-சும், வென்டிலேட்டருக்குள் இருக்கும் பேட்டரியும்தான் தாங்க வேண்டும்.

"பேட்டரி நல்லா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?" என்றால், ஸ்கிரீனில் ஃபுல் சார்ஜ் காட்டுகிறது என்பது பதில் ஆகாது. நோயாளிக்கு மாட்டாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கி, எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். பேட்டரியில் எத்தனை நிமிடம் ஓட வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும்.

ஆக்சிஜன், காந்தம், கதிர்வீச்சு

இந்தியாவில் ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கருப்பு, தோள் வெள்ளை. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் நீலம். மயக்க மருந்து மெஷினில் மாட்டும் சின்ன சிலிண்டர்களில் தவறான வாயு மாட்டப்படாமல் இருக்கப் பின் துளைகளின் இடம் மாற்றி வைக்கப்பட்டிருக்கும். ஆக்சிஜனுக்கு 2-5, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 3-5. இறுக்கமாக இருக்கிறது என்று ஆக்சிஜன் வால்வில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுப் பழகிய கைக்கு இது முதலில் வித்தியாசமாகத்தான் இருக்கும்.

எம்ஆர்ஐ அறையைப் பற்றிக் கேட்டால் ஒரே ஒரு விஷயம் முக்கியம்: ஸ்கேன் எடுக்காத நேரத்திலும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில் உள்ள ஒரு மருத்துவமனையில், உறவினருக்குத் துணையாக வந்த இளைஞர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போனதும் காந்தம் இழுத்து உயிரிழந்தார். பையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் டெக்னீஷியனுக்கும் இதே ஆபத்து உண்டு.

எக்ஸ்ரே பிரிவில் வேலை என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் வரும். 18 வயது நிறையாதவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக வைக்கக் கூடாது. சட்டையில் மாட்டும் டிஎல்டி பேட்ஜ், எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கு வைப்பதற்கு மட்டும்தான். அது கதிர்வீச்சைத் தடுக்காது. இதை மாற்றிச் சொல்பவர்கள் நிறைய.

ஒரு சின்னக் கணக்கு

பேப்பரும் பேனாவும் கொடுத்து இப்படிக் கேட்கலாம்: சிரிஞ்ச் பம்ப்பை மணிக்கு 60 மில்லி என்று வைத்தீர்கள். 20 நிமிடம் கழித்து அளவுக் குழாயில் 18.5 மில்லி இருக்கிறது. மேனுவலில் 5 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம் என்று போட்டிருக்கிறது. என்ன செய்வீர்கள்?

20 நிமிடத்தில் 20 மில்லி வந்திருக்க வேண்டும். 1.5 மில்லி குறைவு, அதாவது 7.5 சதவீதம். வரம்பைத் தாண்டிவிட்டது. இங்கே கணக்கோடு நின்றுவிடாமல் அடுத்ததையும் சொல்ல வேண்டும்: சரியான பிராண்ட் சிரிஞ்ச் தேர்வு செய்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை சோதிப்பது, அப்போதும் குறைந்தால் 'பயன்படுத்தக் கூடாது' என்று ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பது. "கொஞ்சம்தானே, பரவாயில்லை" என்று வார்டுக்கு அனுப்பிய பம்ப்பில்தான் நாளைக்கு இதய மருந்து ஓடும்.

டீஃபிப்ரிலேட்டரைப் பற்றிக் கேட்டால், பேடில்களைக் காற்றில் பிடித்தோ ஒன்றோடு ஒன்று ஒட்டியோ டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது, 50 ஓம் சோதனை லோடு உள்ள அனலைசரில்தான் சோதிக்க வேண்டும் என்பது போதும். ஆட்டோகிளேவ் என்றால் 121 டிகிரி, 15 பிஎஸ்ஐ, குறைந்தது 15 நிமிடம். மருத்துவக் கருவிகள் விதிகள் 2017 ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கின்றன என்பதையும் ஒரு வரியில் தெரிந்து வைத்திருக்கலாம்.

தெரியாததைக் கேட்டால்?

டயாலிசிஸ் மெஷினைப் பார்த்தே இல்லை, அதைப் பற்றிக் கேட்கிறார்கள். "தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. பயிற்சி வேலைக்கு வருபவருக்கு எல்லாம் தெரிந்திருக்காது என்று எதிரில் இருப்பவருக்கும் தெரியும். "இந்த மெஷின் நான் கையாண்டது இல்லை சார். மேனுவல் பார்த்து, சீனியர்கிட்ட கேட்டுட்டுத்தான் தொடுவேன்" என்பது இந்த வேலையில் பலவீனமான பதில் அல்ல. தெரியாமல் திறந்து பார்ப்பவரை நினைத்துத்தான் ஆஸ்பத்திரிக்காரர்கள் பயப்படுவார்கள்.

ஆங்கிலம் பற்றிய பயம் பலருக்கு இருக்கிறது. சரளமாகப் பேசுவதைவிட, சர்வீஸ் மேனுவலில் ஒரு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வதும், ரிப்போர்ட் எழுதுவதும்தான் தினசரித் தேவை. பல மெஷின்களின் மேனுவல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நாளுக்கு ஒரு பக்கம் படித்து, என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ரிப்போர்ட்டில் என்ன புகார், என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், செய்த பிறகு எப்படிச் சோதித்தீர்கள் என்ற நான்கும் இருக்க வேண்டும். கடைசி ஒன்றைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினால், அடுத்த ஷிப்டில் வருபவருக்கு எதுவும் புரியாது.

பணம் கேட்டால், ஒரிஜினல் கேட்டால்?

"மாசம் 40 ஆயிரம், ஆஸ்பத்திரி வேலை, டெபாசிட் மட்டும் கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நம்பி வீட்டு நகையை அடகு வைக்க வேண்டாம். வேலை கொடுப்பவர் வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்கத் தேவையே இல்லை. அரசு மருத்துவமனையில் வேலை என்று யாராவது சொன்னால், அந்த அறிவிப்பு மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலோ துறையின் தளத்திலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. '100 சதவீதம் வேலை உறுதி' என்று விளம்பரம் செய்யும் குறுகிய காலப் படிப்புகளில் சேரும் முன், ஏற்கனவே முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று இரண்டு பேரிடமாவது நேரில் கேளுங்கள்.

நேர்காணலுக்கு ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொண்டுபோய்க் காட்டலாம். ஆனால் வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்றால், எதற்கு, எவ்வளவு காலம் என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் கொடுக்கக் கூடாது. எத்தனை ஆண்டு பாண்ட், இடையில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே படித்துவிட வேண்டும். அந்த இடத்திலேயே போடச் சொன்னால், "வீட்ல அப்பாகிட்ட காட்டிட்டு நாளைக்குத் தர்றேன் சார்" என்று சொல்லலாம். ஒருநாள் பொறுக்க மாட்டேன் என்பவரிடம் இரண்டு ஆண்டு வேலை பார்ப்பது பற்றி யோசிக்க வேண்டியதுதான்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

கடைசியில் "ஏதாவது கேட்கணுமா?" என்பார்கள். பலரும் தலையாட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். எந்த வார்டுகளில் பயிற்சி, முதல் சில மாதம் யாரோடு வேலை, இரவு ஷிப்ட் உண்டா, இரவில் தனியாக அழைப்புக்குப் போக வேண்டியிருக்குமா என்று கேட்கலாம். திருவதிகையில் இருந்து தினமும் போய்வருபவருக்குக் கடைசிக் கேள்வி முக்கியம்.

இன்னொன்று, தடுப்பூசி. சக்‌ஷன் மெஷின், டயாலிசிஸ் மெஷின் என்று இந்த வேலையில் ரத்தமும் சளியும் பட்ட கருவிகளைக் கையால் தொட வேண்டியிருக்கும். ரிப்பேருக்கு வரும் கருவியை வார்டிலேயே கிருமி நீக்கம் செய்துதான் அனுப்புகிறார்களா, கையுறை கொடுக்கிறார்களா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நிறுவனமே போடுகிறதா என்று கேட்டுவிடுங்கள். இந்தத் தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் டோஸ், ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. சின்ன வயதில் போட்டிருக்கிறதா என்று வீட்டில் பழைய அட்டையைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லையென்றால் டாக்டரிடம் கேட்டு, ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்காமல் இப்போதே முதல் டோஸைப் போட்டுக்கொள்ளலாம்.